விபத்தே நடக்காத மேடு

பனி எத்தனையோ நாடுகளில் பெய்கிறது. ஆனால் பனியில் வண்டி ஓட்டுவதை ஒரு நிர்வாகக் கலையாக உயர்த்திய பெருமை வடபின்லாந்தில் கூருவாரா ஊராட்சிக்கே உரியது. மூன்று குளிர்காலங்களாக அங்கே ஒரு விபத்துகூட நடக்கவில்லை. பதிவேடு அப்படித்தான் சொல்கிறது. பதிவேட்டை எழுதுபவள் சிர்க்கு. ஆகவே அவளாவது அதை நம்பியாக வேண்டும்.

அவளால் முடியவில்லை. காரணம், பள்ளி மேடு. அவள் மகள் ஹில்லா உட்பட ஆறு குழந்தைகள் தினமும் காலையில் பள்ளி டாக்ஸியில் அந்த மேட்டில் ஏறுகிறார்கள். இந்த மாதம் மட்டும் டாக்ஸி இரண்டு முறை பின்னோக்கிச் சரிந்து பள்ளத்தில் இறங்கியது. இரண்டு முறையும் மேட்டடியில் குடியிருக்கும் எஸ்கோ டிராக்டரைக் கொண்டுவந்து இழுத்துவிட்டார். டிரைவர் அவர் வீட்டில் காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டுப் போனார். அத்தோடு சரி.

கூருவாராவில் பள்ளத்தில் கிடக்கும் வண்டிக்கு 'நிறுத்தப்பட்ட வண்டி' என்று பெயர். லைசென்ஸ் வாங்கிய எவரும் அங்கே வழுக்கியதாக ஒப்புக்கொண்டதில்லை. "கலைமான் நிக்குதான்னு பாக்க நிறுத்தினேன்" என்பார்கள், சீட் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே.

விதியோ தெளிவானது: வழுக்காமலிருக்கப் போடும் மணல், விபத்து பதிவான சாலைக்கு மட்டுமே. ஊராட்சிக் கொட்டகையில் தார்ப்பாயின் கீழ் மணல் குவியல் மிகப் பாதுகாப்பாக இருந்தது. அதன்மேல் யாரும் வழுக்கவில்லை.

சிர்க்கு குழுக் கூட்டத்தில் எழுந்தாள்.

"தலைவரே, பள்ளி மேட்டுக்கு மணல் போடணும்."

குளிர்காலச் சாலைப் பாதுகாப்புக் குழுத் தலைவர் ரவுனோ மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "விபத்து எதும் நடந்துச்சா?"

"டாக்ஸி ரெண்டு தடவை பள்ளத்துல இறங்கிருச்சு. உள்ள ஆறு பிள்ளைங்க. என் மகளும் இருந்தா."

"டிரைவர் என்ன சொல்றாரு?"

"நிறுத்தினேங்கிறாரு."

"பாத்தியா! அனுபவசாலி."

குழு கைதட்டியது. சிர்க்கு அதையும் குறிப்பில் எழுதினாள். ஒருவேளை தான்தான் மிகைப்படுத்துகிறோமோ என்ற சந்தேகம் அவளுக்கு வந்தது. அன்று சாப்பாட்டு மேஜையில் ஹில்லா ஒரு உருளைக்கிழங்கைச் சாய்த்த தட்டில் வழுக்கவிட்டாள். "இப்படித்தாம்மா போனோம். டாக்ஸி மாமா கண்ண மூடிக்கிட்டாரு."

சந்தேகம் தீர்ந்தது.

அந்த வாரமே மாகாணத்திலிருந்து 'விபத்தில்லா ஊராட்சி' என்ற பித்தளைப் பலகை தபாலில் வந்தது. திறப்பு விழாவைப் பள்ளியிலேயே வைக்கலாம், குழந்தைகள் பாடுவார்கள் என்றாள் சிர்க்கு. தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. விழாவுக்கு முந்தின நாள் அவள் எஸ்கோ வீட்டில் காப்பி குடித்ததை இங்கே பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை காலை மழை தூறி, அப்படியே உறைந்தது. மேடு கண்ணாடிபோல மின்னியது. தலைவரின் காரில் பின்சீட்டில் பலகை, முன்சீட்டில் குறிப்பேட்டோடு சிர்க்கு. தலைவர் தாமே இயற்றிய பன்னிரண்டு விதிகளைச் சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

"எழுதிக்க. விதி நாலு. வழுக்கும்போது பிரேக்கை அழுத்தவே..."

பாதி மேட்டில் கார் நின்றது. சற்று யோசித்தது. பிறகு பின்னால் வரத் தொடங்கியது. தலைவர் இரண்டு காலாலும் பிரேக்கை அழுத்தினார். கார் ஒரு முழுச்சுற்றுச் சுற்றி, பள்ளத்துப் பனியில் மூக்கைப் புதைத்தது. பித்தளைப் பலகை முன்னால் பாய்ந்து தலைவரின் பிடரியைத் தட்டிக்கொடுத்தது.

"மணி என்ன?" என்றார் தலைவர்.

"பன்னிரண்டு இருபது."

"எழுது. பன்னிரண்டு இருபதுக்குத் தலைவர் வண்டியை நிறுத்தினார்."

எழுதினாள். மேட்டின்மேல் நாற்பது குழந்தைகள், தலைவர் வந்துவிட்டார் என்று நினைத்து வரவேற்புப் பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள்.

டிராக்டர் வந்தது. எஸ்கோ குனிந்து ஜன்னலைத் தட்டினார். "என்ன தலைவரே, சறுக்கிட்டீங்களா? நிறுத்தியிருக்கீங்களா?"

"நிறுத்தியிருக்கேன்."

"அப்ப சரி. வரட்டுமா?"

"யோவ், இழுய்யா!"

"நிறுத்தின வண்டியத் தொடலாமா? உங்க பதினோராவது விதி. அடுத்தவர் நிறுத்திய வாகனத்தை நகர்த்துவது குற்றம். விபத்துன்னா இழுக்கலாம்."

"இத்தனை வருஷமா இழுத்தியே!"

"தெரியாம இழுத்துட்டேன். நேத்துத்தான் முழுசாப் படிச்சேன்."

எஸ்கோ டிராக்டரில் உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்தார். மைனஸ் எட்டு டிகிரி. தலைவர் விழாவுக்கான மெல்லிய காலணியில் வந்திருந்தார். குழந்தைகள் அதே பாட்டை நான்காவது முறையாகப் பாடினார்கள்.

"சிர்க்கு," என்றார் தலைவர், பல் தந்தியடிக்க. "அந்த விபத்துப் படிவம் இருக்கா?"

இருந்தது. கையெழுத்து ஒன்றைத் தவிர எல்லாக் கட்டமும் நிரப்பியே இருந்தது. காரணம்: சாலையில் மணல் இல்லை.

தலைவர் கையெழுத்திட்டு, கொட்டகைக்கு போன் செய்தார். எஸ்கோ காரை இழுத்துவிட்டார். நாற்பதாவது நிமிடம் மணல் லாரி வந்து நின்றது. "பாத்தியா, நம்ம நிர்வாகத்தோட வேகத்த!" என்றார் தலைவர். உண்மையிலேயே அபாரமான வேகம்தான். ஆறு குழந்தைகளுக்காக மூன்று குளிர்காலமாகக் கிளம்பாத லாரி அது.

திங்கட்கிழமை டாக்ஸி மேட்டில் ஒரே மூச்சில் ஏறியது. மாலையில் ஹில்லா கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:

"அம்மா, ஏரிக்கரை வளைவும் வழுக்குது. தலைவர் மாமாவ ஒரு தடவை அங்க கூட்டிட்டுப் போயேன்."

சிர்க்கு குறிப்பேட்டை எடுத்தாள். அடுத்த கூட்டம்: ஏரிக்கரை வளைவில், நேரடி ஆய்வு. வாகனம்: தலைவருடையது.