மணி மச்சானுக்குத் தலைப்பாகை வைத்த கதை

ஒருவரை வேலையை விட்டு அனுப்ப முடிவெடுப்பது எளிது. அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் கஷ்டம். இது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் பெங்களூரில் ஒரு கம்பெனி அந்தக் கஷ்டத்துக்காகவே எனக்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது. விசிட்டிங் கார்டில் எச்.ஆர். என்று போட்டிருக்கும். (என் மாமியார் அதை ஏதோ ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்ட படிப்பு என்றே நெடுநாள் நினைத்திருந்தார்.) ஆளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, முதலில் புகழ வேண்டும். நடுவில் விஷயத்தைச் செருக வேண்டும். பிறகு மறுபடியும் புகழ்ந்து கை குலுக்கி அனுப்ப வேண்டும். லிஃப்டில் பாதி தூரம் இறங்கிய பிறகுதான் வேலை போன விஷயம் அவருக்கு உறைக்க வேண்டும். இதில் நான் கெட்டிக்காரன் என்று ஆபீசில் பேர். அந்தப் பேரை நம்பித்தான் நான் குடியிருக்கும் ஸ்ரீராம்புரத்தில் ஒரு காரியத்தில் இறங்கி, ஊர் கூடிய இடத்தில் அசடு வழிந்தேன்.

மணி மச்சான் என் மனைவி ஜெயந்தியின் அண்ணன். தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். ஆனால் யாராவது 'என்ன வேலை?' என்று கேட்டால் "பவுலர்" என்றுதான் சொல்வார். எங்கள் தெருவின் டென்னிஸ் பந்து கிரிக்கெட் டீமுக்கு அவர்தான் நட்சத்திரம். டிரான்ஸ்பார்மர் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து ஓடத் தொடங்குவார். பந்தை விடும் முன் பேட்ஸ்மேனைப் பார்த்து, "காலை எடுத்துக்கோ தம்பி!" என்று ஒரு குரல் கொடுப்பார். காலடியில் வந்து விழும் யார்க்கர் வரப்போகிறது என்று அர்த்தம். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போடுவார், அப்படியும் ஸ்டம்ப் போகும். கல்யாணமான புதிதில் அதைப் பார்த்துவிட்டு, நான் கட்டிக்கொண்டது சாதாரணக் குடும்பத்துப் பெண்ணை அல்ல என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தேன்.

நான் சொல்லும் அந்த வருஷம் மச்சானுக்கு வயது நாற்பத்து நான்கு. (டீம் கார்டில் முப்பத்தெட்டு. தலைமுடியின் கறுப்பைப் பார்த்தால் இருபத்தைந்து.) குரல் அப்படியேதான் இருந்தது. பந்துதான் மாறிவிட்டது. "காலை எடுத்துக்கோ தம்பி" என்பார். தம்பி காலை எடுத்துக்கொண்டு, பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்பிவிடுவான். அடுத்தடுத்த ஆட்டங்களில் இதே கதை. எங்கள் டீம் மற்றவர்கள் புண்ணியத்தில் எப்படியோ அரையிறுதிக்கு வந்துவிட்டது.

தெருமுனை பேக்கரியில் ஒன் பை டூ டீயை (ஒரு டீ, இரண்டு டம்ளர்) வைத்துக்கொண்டு ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள்.

"மணியண்ணன் காலம் முடிஞ்சுபோச்சு குரு" என்றார் ஆட்டோ நாகராஜ். "போன மேட்ச்ல போட்ட யார்க்கர் எங்க இருக்கு தெரியுமா? ராஜம்மா வீட்டு மாடியில வடகத்தோட காயுது."

டெய்லர் அந்தோணிக்குக் கோபம் வந்துவிட்டது. "டேய், இந்த டீமுக்கு ஒரு பேரு இருக்குன்னா அது அவன் வாங்கிக் குடுத்தது. மணியை அனுப்பிட்டு யாருக்குடா விசில் அடிப்பீங்க?"

"அதுக்காக அவரு கைத்தடி ஊனிக்கிட்டு வர்ற வரைக்கும் ஃபர்ஸ்ட் ஓவர் குடுக்கணுமா? உங்க கடையில தையல் மெஷின் பழசானா மாத்தறதில்லையா?"

"மெஷினை மாத்துவேன். கையை மாத்துவனா?"

இந்தச் சண்டைக்கு ஒரு காரணம் இருந்தது. டி.வி.யில் பெரிய ஆட்டங்களைப் பார்த்துப் பார்த்து, எங்கள் போட்டியை நடத்துகிறவர்களும் ஒரு விதி கொண்டு வந்திருந்தார்கள். அரையிறுதிக்கு முன்னால் இரண்டு டீம்கள் சம்மதித்தால் ஆளுக்கு ஓர் ஆட்டக்காரரை மாற்றிக்கொள்ளலாம். மல்லேஸ்வரம் டீமில் தர்ஷன் என்று ஒரு இடதுகைப் பையன், வேகமென்றால் அப்படியொரு வேகம். அவனைத் தருகிறோம், மணியைத் தாருங்கள் என்று அந்த டீம் கேப்டன் கிரீஷ் கேட்டிருந்தார். (ஏனென்று எங்களுக்கே புரியவில்லை. சின்ன வயதில் மச்சான் பந்து போடுவதை வேலி மேல் ஏறி நின்று பார்த்தவராம். ஒரு நாளாவது அவருடன் ஆட வேண்டுமாம்.) ஒரே ஒரு நிபந்தனை: மாற்றப்படுகிறவர் தன் வாயால் 'சரி' என்று சொல்ல வேண்டும்.

அதை மச்சானிடம் யார் கேட்பது? எங்கள் கேப்டன் சதீஷ் என்னைப் பார்த்தான். "ஜி, நீங்க ஆபீஸ்ல டெய்லி பண்ற வேலைதானே இது?"

மறுத்திருக்க வேண்டும். ஆனால் பேக்கரி முழுக்க என்னையே பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. "என்கிட்ட விட்டுடுங்க" என்றேன்.

நான் வீடு போய்ச் சேரும் முன்பே விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது. ஜெயந்தி சப்பாத்தி தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "எங்கண்ணனை மல்லேஸ்வரத்துக்குத் தள்ளிவிடப் போறீங்களாமே?"

"தள்ளிவிடறது இல்ல. மாத்திக்கிறது."

"அவருக்கு வாரம் பூரா லாரி. ஞாயித்துக்கிழமை ஒருநாள்தான் அவரு ஒரு ஆளு. அதுவும் இந்தத் தெருவுலதான்." சப்பாத்திக் கட்டை கையிலேயே இருந்தது. "சொல்லுங்க, நான் வேணாங்கல. ஆனா அவரு கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வந்தாலும், நீங்களும் அப்படியே மல்லேஸ்வரம் போயிடுங்க."

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்த நாட்களிலெல்லாம் எனக்கு ஆபத்துதான்.) எங்கள் ஊரில் யாரைக் கௌரவிப்பதென்றாலும் ஒரே முறை: ஒரு மைசூர்த் தலைப்பாகை, சால்வை, சந்தன மாலை, பழக்கூடை. அரசாங்க வேலையிலிருந்த என் சித்தப்பாவுக்கு இதெல்லாம் ஒரு சாயங்காலம் நடந்தது. மறுநாளிலிருந்து அவர் ஆபீஸ் போகவில்லை. அவரிடம் யாரும் 'நாளை முதல் வராதீர்கள்' என்று சொல்லவில்லை, தலைப்பாகையே சொல்லிவிட்டது. அதேபோல மச்சானுக்கும் வைத்துவிட்டால், பாதி விஷயத்தைத் தலைப்பாகை பார்த்துக்கொள்ளும். நான் நடுவில் நாலு வார்த்தையைச் செருகினால் போதும். ஐடியாவைக் கேட்டு சதீஷ் என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

சனிக்கிழமை சாயங்காலம் பேக்கரி எதிரில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மைக். தெருவே திரண்டிருந்தது. மச்சானை வரவேற்று அழைத்துப் போக கிரீஷ் வந்திருந்தார். தர்ஷன் எங்கள் டீமில் சேர கிட் பையோடு தயாராக நின்றான். ஜெயந்தி முதல் வரிசையில் நின்று அண்ணன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், தலைக்குப் புதிதாகச் சாயம் பூசிக்கொண்டு வந்தார்.

நான் மைக்கைப் பிடித்துப் புகழத் தொடங்கினேன். அங்கேதான் முதல் கோளாறு. ஆபீசில் நான் புகழ்வதெல்லாம் பொய். அதனால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்த முடிந்தது. இங்கே சொன்னதெல்லாம் நிஜம். காய்ச்சலோடு வந்து பந்து போட்டு ஜெயித்துவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனதைச் சொன்னேன். ஒரு இறுதி ஆட்டத்தில் இருட்டிவிட்டபோது, நாகராஜும் மற்றவர்களும் ஆட்டோக்களை வரிசையாக நிறுத்தி ஹெட்லைட் போட, அந்த வெளிச்சத்தில் மச்சான் நடு ஸ்டம்பைப் பெயர்த்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே புல்லரித்தது. கூட்டம் விசிலடித்தது. மச்சானை அனுப்பியே ஆக வேண்டும் என்ற நாகராஜ்தான் எல்லாரையும்விட பலமாக அடித்தார்.

சரி, இப்போது நடு விஷயம். தொண்டையைச் செருமினேன். "அதனால... காலம்னு ஒண்ணு இருக்கில்லையா..." என்றேன். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. சதீஷ் அதைத் தனக்கான சைகை என்று தப்பாகப் புரிந்துகொண்டு, தலைப்பாகையை எடுத்து மச்சான் தலையில் வைத்துவிட்டான். கொஞ்சம் சின்னது, உச்சியில் உட்கார்ந்துகொண்டது. மாலை விழுந்தது, சால்வை விழுந்தது, பழக்கூடை மடியில் ஏறியது.

மச்சான் எழுந்து என் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கரகரவென்று வழிந்தது. நான் ஜெயந்தியைப் பார்க்கவில்லை. அவள் என்னைப் பார்ப்பது மட்டும் தெரிந்தது.

"எனக்குப் பேச வராது" என்று ஆரம்பித்தார் மச்சான். "ஒரு உண்மைய சொல்லிடறேன். முன்ன மாதிரி பந்து விழறதில்ல. அது எனக்கே தெரியும். நாளைக்குக் காலையில சதீஷைப் பார்த்து, 'போதும்ப்பா, நான் ஒதுங்கிக்கிறேன்'னு சொல்லலாம்னுதான் இருந்தேன்."

சதீஷும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சும்மா இருந்திருந்தாலே போதுமாம்.

"ஆனா இந்தப் பாசத்தைப் பார்த்த பிறகு எப்படி ஒதுங்கறது? என் தலையில கிரீடம் வச்சுட்டீங்க. இந்தத் தெருவுக்காக நான் இன்னும் பத்து வருஷம் ஆடுவேன்! நாளைக்கு ஃபர்ஸ்ட் ஓவர் எனக்குத்தான்!"

கூட்டம் வெடித்தது. அந்தோணி பழக்கூடையிலிருந்த ஆப்பிளை எடுத்து எல்லோருக்கும் விநியோகித்தார். உணர்ச்சிவசப்பட்ட கிரீஷ் முன்னால் வந்து மைக்கை வாங்கி, "மணியண்ணா நாளையிந்த நம்ம டீம்..." என்று, நாளையிலிருந்து அவர் தங்கள் டீம் என்பதைக் கன்னடத்தில் சொல்ல ஆரம்பித்தார். நான் பாய்ந்து போய் மிச்சமிருந்த பழக்கூடையை அவர் கையில் திணித்து மைக்கைப் பிடுங்கினேன். "மல்லேஸ்வரம் டீமும் வாழ்த்துச் சொல்ல வந்திருக்காங்க!" என்று கத்தினேன். கிரீஷ் என்னைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, கூடையை வைத்துவிட்டு மச்சான் காலைத் தொட்டுக் கும்பிட்டார். தர்ஷன் கிட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தான்.

மறுநாள் அரையிறுதியில் மச்சான் முதல் ஓவரைப் போட்டார். ராஜம்மா வீட்டு மாடியில் இரண்டு பந்துகள் சேர்ந்தன. சதீஷ் அவரை எல்லைக்கோட்டோரம் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. ஆனால் கடைசி ஓவர் போட வேறு ஆள் மிச்சமில்லை. எதிரணிக்கு வேண்டியதோ கொஞ்சம் ரன்தான். பந்து மறுபடியும் மச்சான் கைக்குப் போனது.

டிரான்ஸ்பார்மர் பெட்டி வரை போனார். அதே ஓட்டம், அதே "காலை எடுத்துக்கோ தம்பி!" ஆனால் பந்து மட்டும் கையிலிருந்து மெல்ல, சாவகாசமாகப் புறப்பட்டது. பேட்ஸ்மேன் மட்டையைச் சுழற்றி முடித்து, திரும்பிப் பார்த்த பிறகுதான் பந்து வந்து ஸ்டம்பில் மோதியது. அடுத்து வந்தவனுக்கும் அதே கதி. வேகம் போனது தனக்குத் தெரியும் என்று முந்தின நாள் சொன்னாரே, அது நிஜம். போன வேகத்தை என்ன செய்வது என்பதும் தெரியும் என்பதைத்தான் சொல்லவில்லை. ஜெயித்தோம். நானும் நாகராஜும் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடி, கனம் தாங்காமல் பாதியில் இறக்கிவிட்டோம்.

இறுதி ஆட்டத்தில் மல்லேஸ்வரத்திடம் தோற்றோம். தர்ஷன் எங்களைத் துடைத்து எடுத்துவிட்டான். அதனால் பேக்கரியில் வழக்கு இன்னும் முடியவில்லை. 'அன்றைக்கே மாற்றியிருக்க வேண்டும்' என்று நாகராஜும், 'மணி இல்லையென்றால் இறுதி ஆட்டமே ஏது?' என்று அந்தோணியும் இன்றுவரை டீ குடிக்கிறார்கள். மச்சான் சொன்ன வாக்கை மீறாமல் ஆடிக்கொண்டிருக்கிறார். அவரை நிறுத்தச் சொல்ல ஒருவருக்கும் வாயில்லை, கிரீடம் வைத்தவர்கள் நாங்களல்லவா?

போன வருஷம் என் கம்பெனியில் ஆட்குறைப்பு வந்தது. என்னிடமே வேலை கற்ற பெண் ஒருத்தி என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். புகழ ஆரம்பித்தாள். நன்றாகவே செய்தாள், நான் சொல்லிக்கொடுத்தது ஆயிற்றே. லிஃப்டில் பாதி தூரம் இறங்கும்போது எனக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்து படுத்துக்கிடந்தேன். மறுநாள் மச்சான் வந்தார். கையில் ஒரு துணிப்பை. அதிலிருந்து அந்தப் பழைய தலைப்பாகையை எடுத்து, நான் சுதாரிக்கும் முன் என் தலையில் வைத்து அழுத்தினார்.

"என்ன மச்சான் இது, இந்த நேரத்துல..."

"பத்து வருஷம் ஆடு மாப்ள" என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "மச்சான், அன்னைக்கு அதை எதுக்கு வச்சோம்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "மல்லேஸ்வரத்துக்காரன் பஸ் ஏறுற மாதிரி பையோட வந்து நிக்கிறான், நீ காலம், நேரம்னு இழுக்கிற. எனக்குப் புரியாதா? புரிஞ்சுக்கிட்டேன்னு காட்டினா வீட்டுக்குப் போகணும் மாப்ள. புரியாத மாதிரி இருந்தா ஆடலாம்."

"அப்போ, நீங்களே ஒதுங்கிக்கலாம்னு இருந்ததா சொன்னது?"

"அதுதான் மாப்ள மெதுவா போட்ட பந்து."

இரண்டு மாதத்தில் எனக்கு வேறு வேலை கிடைத்தது. அங்கே ஆட்களைச் சேர்ப்பது மட்டும்தான் என் பொறுப்பு. அனுப்புகிற வேலை வேண்டாமென்று முதலிலேயே சொல்லிவிட்டேன். தலைப்பாகை எங்கள் வீட்டு பீரோ மேலேயே தங்கிவிட்டது. நான் ஜெயந்தியின் குழம்பை இரண்டு வார்த்தை சேர்த்துப் புகழ்ந்தால் போதும், என் மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்று, "அம்மா, அப்பா உன்னை மல்லேஸ்வரத்துக்கு அனுப்பப் போறாரு, தலப்பாவை எடுக்கட்டுமா?" என்கிறாள்.