மேலே வர முடியாதவர்

சக்கரத்துக்குப் பிறகு மனிதகுலம் உருப்படியாகக் கண்டுபிடித்தது ‘முன்னேற்றப் பின்னூட்டம்’ ஒன்றுதான். சக்கரத்தின் அருமை தையல்காரருக்கு நன்றாகவே தெரியும். அவர் உட்கார்ந்திருப்பதே சக்கர நாற்காலியில்தான். பின்னூட்டத்தின் அருமைதான் பிடிபட நாளாயிற்று.

மாற்றுத்திறனாளிகளுக்கான குழு ஆலோசனை, மறுவாழ்வு நிலையத்தின் மாடியில் நடந்தது. லிஃப்ட் கிடையாது. வாராவாரம் மைத்துனன்தான் அவரை முதுகில் சுமந்து ஏற்றுவான். அவனுக்கு மூச்சு வாங்கும். இவருக்குப் பேச்சு வரும். வாரம் முழுக்க ஊமையாகத் தைப்பவர் வாய்விட்டுச் சிரிப்பது அங்கே மட்டும்தான்.

கூட்டம் முடிந்ததும் ஆளாளுக்குக் கருத்துச் சொல்ல வேண்டும். ஆலோசகர் அதை மதிப்பெண்ணாக்கி, மதிப்பெண்ணைக் கோடாக்கி, மறுவாரம் எல்லோருக்கும் காட்டுவார். பார்வையில்லாத டெலிபோன் ஆபரேட்டர் அம்மாவுக்கும் காட்டுவார்.

“கோடு எப்படி ஏறுது பாருங்கம்மா!”

“அடேயப்பா! கண்ணைப் பறிக்குது சார்.”

ஒருநாள் மாடி ஏற்றி முடித்ததும் மைத்துனனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. “மாமா, இன்னொரு தடவை தூக்கினேன்னா நானும் இந்தக் குழுவுல சேர வேண்டியதுதான்.”

தையல்காரர் அன்றைய பின்னூட்டத்தில் உள்ளதைச் சொன்னார்: “சார், இனிமே என்னால மேலே வர முடியாது.”

ஆலோசகர் உருகிப்போனார். “அப்படிச் சொல்லாதீங்க! மனசு வச்சா யாரும் மேலே வரலாம்.”

“மனசு வந்துரும் சார். உடம்புதான் கீழேயே நிக்கும்.”

“இந்தத் தாழ்வு மனப்பான்மைதான்…”

“தாழ்வு இல்ல சார், தாழ்வாரம்! கீழ்த் தாழ்வாரத்துல உக்காந்து பேசலாமே?”

“அங்கே நம்ம முன்னேற்ற வரைபடக் கண்காட்சி இருக்கே.”

“அதை மாடிக்குக் கொண்டுவந்துடுங்க.”

“தூக்கிட்டுப் படியேறினா கசங்கிடாதா?” ஆலோசகர் பதறினார். பிறகு குறித்துக்கொண்டார்: ‘மேலே வர விருப்பமில்லை.’ குழுவின் கோடு குப்புற விழுந்தது.

மறுவாரம் படிக்கட்டின் அடியில் தையல்காரர் தனியாகக் காத்திருந்தார். மேலிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் இறங்கி வந்தது. சற்று நேரத்தில் கைப்பிடியைத் தடவிக்கொண்டு ஆபரேட்டர் அம்மாவும் வந்தார்.

“என்னங்க, ஆளையே பார்க்க முடியல?”

“உங்களுக்கு எப்பத்தான் முடிஞ்சுது?”

“அந்தக் கொழுப்பைத்தான் தேடி வந்தேன்.”

பின்னாலேயே குழு முழுவதும் இறங்கி வந்துவிட்டது. தாழ்வாரத்தில் கலகலப்பு. “கண்காட்சியை மறைக்காதீங்க!” என்று காவலாளி அத்தனை பேரையும் தெருவுக்கு அனுப்பி, கதவைச் சாத்தினார்.

அன்று மாடியில் குறை சொல்ல ஒருவரும் இல்லை. கோடு ஜிவ்வென்று உச்சியைத் தொட்டது. அன்றே நிலையத்துக்கு விருதும் வந்தது. நிலையத் தலைவர் மாடியில் நின்று முழங்கினார்: “எங்கள் நிலையத்தில் இன்று குறையுள்ளவர் ஒருவர்கூட இல்லை!”

துளியும் பொய்யில்லை. மாடியில் அன்று தலைவரும் ஆலோசகரும் மட்டுமே இருந்தார்கள். அவர்களிடம் இருந்த குறைக்கு இன்னும் யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை.