நாலு ஊர் கேட்ட குறட்டை

நின்றபடி தூங்கும் ஆட்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மைக்கைப் பிடித்து ஊருக்கே பேசிக்கொண்டிருக்கும்போது தூங்கக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் பாளையம்பட்டியில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தார். பெயர் மைக்செட்டு. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. ரேஷன் கடையில் அந்தப் பெயரைக் கூப்பிட்டபோது அவரே வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நின்றுகொண்டிருந்தார்.

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில் எங்கே காதுகுத்து, சடங்கு, கோயில் பொங்கல் என்றாலும் குட்டியானை என்கிற அவருடைய சின்ன லோடு வண்டி போய் நிற்கும். வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டுவார், பாட்டுப் போடுவார், வந்தவர்களை வரவேற்பார், பந்திக்குக் கூப்பிடுவார். "தாய்மாமன் அவர்களை மேடைக்கு அன்புடன்" என்று தொடங்கி அப்படியே நின்றுவிடுவார். கண் மூடியிருக்கும். தாய்மாமன் சீர்த்தட்டும் கையுமாகக் காத்திருப்பார். யாராவது முழங்கையால் இடித்தால், "அழைக்கிறோம்" என்று விட்ட இடத்திலிருந்து முடிப்பார். அதை மரியாதைக்காக விட்ட இடைவெளி என்று நினைத்த வெளியூர்க்காரர்களும் உண்டு.

இதற்கு ஊரில் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். "ஏலே, இது பித்தம்" என்று ஒருவர் சொல்ல, மைக்செட்டு எலுமிச்சம்பழத்தைத் தலையில் தேய்த்துக்கொண்டு திரிந்தார். கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னார் இன்னொருவர். டீ குடித்தால் தெளியும் என்றார்கள். குடித்தார், கிளாஸைப் பிடித்தபடியே தூங்கினார்.

"ராத்திரி சரியாத் தூங்குறது இல்லையாப்பா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறேன்ணே. ஆனா காலைல எந்திரிச்சா, ராத்திரி பூரா லோடு ஏத்துன மாதிரி இருக்கு. தலை வேற வலிக்கு."

கடைசியில் ஊர், சோம்பேறி என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. தூங்கி விழுந்துகொண்டே வருஷம் முழுக்க மரம் ஏறி இறங்கும் மனிதரைச் சோம்பேறி என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

ஊருக்கு இதெல்லாம் சிரிப்பு. அவர் மனைவி செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருநாள் முகம் வெளிறிப் போய் வந்து நின்றார்.

"அண்ணே, ரெட்டியபட்டி போற வழியில வண்டி ரோட்டை விட்டுப் பருத்திக் காட்டுக்குள்ள போயிருச்சு. நல்லவேளை, எதுக்க பஸ்ஸு வரல. காட்டுக்காரவுக வந்து எழுப்புனதுக்குப் பிறகுதான் இவுக முழிச்சாக."

பின்னால் வந்த மைக்செட்டு, "பிரேக்குல கோளாறுண்ணே" என்றார்.

"பிரேக்கா கொட்டாவி விட்டுச்சு?" என்றார் செல்வி.

அன்றிலிருந்து அந்த வண்டி கிளம்பும் சத்தம் கேட்டால், அது திரும்பி வரும் சத்தம் கேட்கும்வரை எனக்கும் வேலை ஓடாது. என்றைக்காவது ஒருநாள் திரும்பி வராமலே போய்விடுமோ என்ற பயம்தான்.

மல்லாங்கிணற்றில் ஒரு காதுகுத்து. செல்வியும் நானும் முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தோம். "அனைவரும் இருந்து சாப்பிட்டுத்தான் செல்ல வேண்டும்" என்று கேட்டுக்கொண்ட மைக்செட்டு, மைக்கை அணைக்காமல் நெஞ்சில் சாய்த்தபடி நாற்காலியில் அமர்ந்தார். சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் நாலு குழாயிலிருந்தும் குறட்டை கிளம்பியது. போர்வெல் போடுகிற லாரி வந்துவிட்டதென்று பக்கத்துத் தோட்டக்காரர் ஓடி வந்தார். பந்தியே சிரித்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

சட்டென்று சத்தம் நின்றது.

"முழிச்சுட்டாரு" என்றார் ரசம் ஊற்றியவர். முழிக்கவில்லை. குழாயில் ஒன்றுமே இல்லை, மூச்சுச் சத்தம்கூட இல்லை. ரசவாளிக்காரர் குனிந்தவர் நிமிரவில்லை. பிசைந்த சோறு இலையிலேயே கிடந்தது. பிறகு, கிணற்றில் முங்கியவர் மேலே வந்து மூச்சு வாங்குவதுபோல ஒரு பெரிய இழுப்பு, மறுபடி குறட்டை. ஊர் மொத்தமும் அவரோடு சேர்ந்து மூச்சு விட்டது. மறுபடி நின்றது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

விழா வீட்டுக்காரரின் மச்சினி மதுரையில் டாக்டர். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கைகூடக் கழுவாமல் போய் மைக்செட்டை உலுக்கினார். மைக்கை அணைக்க வேண்டும் என்று அப்போதும் யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே வைத்தியம் முழுவதும் குழாய் வழியாக நடந்தது.

"ராத்திரி மூச்சு முட்டி எந்திரிப்பீங்களா?"

"அதெல்லாம் கிடையாதும்மா."

"எந்திரிக்கிறாக டாக்டரம்மா" என்று பந்தியிலிருந்தே குரல் கொடுத்தார் செல்வி.

"சாயங்காலம் குடிக்கிற பழக்கம் உண்டா?"

குழாயில் ஒரு தொண்டைச் செருமல் கேட்டது.

"சொல்லுங்க" என்றார் செல்வி.

"எப்பவாச்சும்" என்று நாலு ஊருக்கும் ஒப்புக்கொண்டார் மைக்செட்டு.

"இது சோம்பேறித்தனம் இல்லை" என்றார் டாக்டரம்மா. "தூங்கும்போது தொண்டை அடைச்சு மூச்சு நின்னு நின்னு வருது. ஒவ்வொரு தடவையும் உடம்பு உங்களை எழுப்பி விடுது, அது உங்களுக்கே தெரியாது. அப்புறம் பகல்ல எப்படி முழிச்சிருப்பீங்க? ரத்தம் கம்மியா இருந்தாலும் அசதி வரும். சுகர், தைராய்டுனாலயும் வரும். அதையும் பாத்துருவோம். ஆனா தூக்கத்தைப் பரிசோதிக்கிற வரைக்கும் வண்டியைத் தொடக்கூடாது."

நாலு ஊர் கேட்டு, சேதி பாளையம்பட்டிக்கும் வந்துவிட்டதே, இனி மீற முடியுமா? அவர் வண்டிப் பக்கம் போனாலே டீக்கடையில் இருப்பவர்கள் எழுந்து வந்தார்கள். அவருடைய அண்ணன் மகன்தான் வண்டியை ஓட்டினான். குறட்டை விடும் கணவர்களைப் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனது தனிக் கதை.

மதுரையில் பார்த்ததில் ரத்தத்தில் குறையில்லை. டாக்டரம்மா சொன்ன கோளாறேதான். உடம்பைக் குறைக்கச் சொன்னார்கள், சாயங்காலப் பழக்கத்தை விடச் சொன்னார்கள். மல்லாந்து படுக்காமல் இருக்க, செல்வி பனியனின் முதுகில் ஒரு ரப்பர் பந்தை வைத்துத் தைத்தார். கூடவே, படுக்கும்போது மூக்கில் மாட்டிக்கொள்ளும் காற்று மிஷின் ஒன்றும் வந்தது. ஒயரும் குழாயும் இருந்ததால் மைக்செட்டுக்கு அதன்மேல் உடனே பாசம் வந்துவிட்டது. மூக்குமூடியை விரலால் தட்டி "ஹலோ, ஹலோ" என்று சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டிக்கொண்டார்.

மறுநாள் காலை என் வாசலில் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"அண்ணே, தலை வலிக்கல. தூங்கி எந்திரிச்சா இப்படித்தான் இருக்குமா? உங்களுக்கெல்லாம் தினமும் இப்படியா இருக்கு?"

ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

சில மாதங்களில் மறுபடி பரிசோதித்து, வண்டி ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு விருதுநகருக்கு மாற்றலாகிவிட்டது. போன மாதம் திருச்சுழியில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போனேன். மைக்செட்டு இளைத்து, தெளிந்து, கணீரென்று பேசிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் உட்கார்ந்து நான் ஒரு கொட்டாவி விட்டேன். குழாய் உடனே பேசியது.

"முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் அண்ணன் அவர்கள் வந்ததிலிருந்து கொட்டாவி விட்டபடி இருக்கிறார்கள். நாளையே நல்ல டாக்டரைப் பார்க்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்."

கூட்டம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. என் மானத்தை வாங்குவதற்கு இந்த மனிதர் உயிரோடு இருக்கிறாரே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.