கருப்பிக்கு ஒரு கல்வெட்டு

பாரத தேசம் விடுதலை அடைந்த பிறகு நடந்த மகத்தான சம்பவம் எது என்று கேட்டால், விவரமில்லாதவர்கள் ஐந்தாண்டுத் திட்டம் என்பார்கள். சங்கரன்கோவிலில் 'நாய்கள் காப்பக அபிவிருத்தித் தொண்டர் குழு' உதயமானதுதான் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். அந்தக் குழுவுக்கு நான்தான் காரியதரிசி என்பதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

காப்பகம் என்பது ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால், நர்சம்மா ஞானபூரணத்தின் வீட்டுக் கொல்லை. பிரசவம் பார்த்தே ஓய்வு பெற்றவர். ஆடித்தபசுக் கூட்டத்தில் வண்டிச் சக்கரத்துக்குக் கால் கொடுத்தது, கல்லடி பட்டது, சொறி பிடித்தது என்று ஏழு நாய்களுக்குச் சோறு போட்டு வந்தார். ஊரில் பாதிப் பேரை உலகத்துக்குக் கொண்டுவந்தவர் என்பதால் எங்களில் யாருக்கும் அவர் மரியாதை கொடுப்பதில்லை.

குழு நேரில் பார்வையிட்டது. தலைவர் தில்லைநாயகம் அண்ணாச்சி, ஜவுளிக்கடை முதலாளி, மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு, "நாங்க தொண்டு செய்ய வந்திருக்கோம், நர்சம்மா. ஒங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்லே. ஆடிக் காத்துல கூரை போயிட்டு. மழைக்கு முந்தி நாலு கட்டு ஓலை போடுங்க. கருப்பி வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்கா பாரு."

கருப்பி எங்களைப் பார்த்து வாலை ஆட்டியது. அந்த நம்பிக்கை என்னை உருக்கிவிட்டது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அன்றே கூட்டம் கூடினோம். "ஓலையில 'உபயம்' எழுத முடியுமா வே?" என்று தலைவர் அடிப்படையான கேள்வியை எழுப்பினார்.

"எழுதலாம் அண்ணாச்சி. அந்தக் காலத்துல எல்லாத்தையும் ஓலையிலதான எழுதுனாங்க" என்றார் பொருளாளர் சங்கரசுப்பு, பாத்திரக்கடைக்காரர்.

"எழுதலாம் வே. கூரை மேல ஏறி எவன் படிப்பான்?"

நியாயம்தான். பெயரில்லாத தர்மம் யாருடைய புண்ணியத்தில் சேரும்? சாமிக்கு வீண் குழப்பம். ஆகவே ஓலை 'இரண்டாம் கட்டப் பரிசீலனை'க்கு ஒத்திவைக்கப்பட்டது. முதல் கட்டமாகக் கல்தொட்டிகள். கல்லில் பெயர் நிற்கும் அல்லவா?

தலைவர் ஒரு தண்ணீர்த் தொட்டி கொடுத்தார். சங்கரசுப்பு அதைவிட ஒரு சாண் நீளமாக ஒன்று கொடுத்தார். தலைவரின் மைத்துனர், மைத்துனரின் பங்காளி என்று தர்மம் பெருக்கெடுத்து, நாய்களைவிடத் தொட்டிகள் அதிகமாகிவிட்டன. ஒருநாள் மண்வெட்டியோடு போய்ச் 'சிரமதான'மும் செய்தோம். போட்டோக்காரர் வரத் தாமதமானதால், வெட்டிய வாய்க்காலை மூடி மறுபடியும் வெட்டினோம். தொண்டு என்றால் அப்படி.

"ஓலை எங்கலே?" என்றார் நர்சம்மா.

"பரிசீலனையில இருக்கு, நர்சம்மா."

"கருப்பி பரிசீலனைக்கெல்லாம் காத்திருக்க மாட்டா. மழையில குட்டி போட்டாள்னா ஒண்ணுகூடத் தங்காதுலே!"

பாவம், படிப்படியான முன்னேற்றம் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. நாங்கள் திறப்பு விழாவுக்கு நாள் குறித்தோம். ஆள் நீளத்துக்குக் கல்வெட்டு. யார் பெயருக்குக் கீழே யார் பெயர் என்ற ரத்தக்களரி ஒருவாறு ஓய்ந்ததும், இடம் போதாததால் 'நாய்கள்' என்ற சொல்லை மட்டும் நீக்கினோம்.

விழாவுக்கு முந்தின நாள் கல் வந்து இறங்கியது. அன்று சாயங்காலமே ஐப்பசி மழையும் பிடித்துக்கொண்டது.

மறுநாள் தூறலில் குடையும் மாலையுமாகப் போனால், சுவரில் சாத்தி வைத்திருந்த கல்லைக் காணோம். நர்சம்மா ஸ்டேஷன் போர்ட்டர்களைக் கூப்பிட்டு, தலைவர் தொட்டிக்கும் பொருளாளர் தொட்டிக்கும் மேலே அதைப் படுக்கப் போட்டிருந்தார். எழுத்துப் பக்கம் கீழே. அடியில் கருப்பி, நாலு குட்டிகளோடு, சொட்டு ஈரமில்லாமல் படுத்திருந்தது. என் பெயரையாவது பார்க்கலாமே என்று குனிந்தேன். உறுமியது.

"எழுத்தையாவது மேல பாத்து வச்சிருக்கக் கூடாதா?" என்று தலைவர் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"பேரு தெரிஞ்சா நிமித்தி நட்டுருவியலே!"

"தூக்கும் வே!" என்றார் தலைவர். சங்கரசுப்பு கல்லில் கையை வைத்தார்.

"தூக்குலே பாப்பம்" என்றார் நர்சம்மா. "நீ பொறந்த அன்னைக்கும் இதே மழைதான். ஒங்க வீட்டுக் கூரை ஒழுகுச்சு. என் சீலையத்தான் ஒனக்கு மேல பிடிச்சிக்கிட்டு நின்னேன். அதுல எவன் பேருலே எழுதியிருந்துச்சு?"

சங்கரசுப்பு கையை எடுத்துவிட்டார். நாயின் பல்லுக்குப் பயந்துதான் என்று பிறகு விளக்கம் அளித்தார்.

குழு அங்கேயே குடைக்குள் அவசரக் கூட்டம் கூடியது. கண்ணுக்குத் தெரியும்படி இன்னொரு கல்வெட்டு செய்வது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். எங்கள் எந்தத் தீர்மானத்தையும் மதிக்காத நர்சம்மா இதை மட்டும் மனமார வரவேற்றார். எங்கள் தொண்டுக்கு இதைவிட நற்சாட்சி வேண்டுமா?

"நல்லதுலே. இந்தத் தடவ அகலமாச் செய்யச் சொல்லு. மத்த ஆறும் நனையுதுல்லா."