நூற்றொரு சவரன் மகரும் வருமான வரி நோட்டீசும்

பெரிய கடைவீதி,
திருச்சி,
24-3-1959, ரமலான் பிறை பதின்மூன்று.

லால்குடி நெல் வியாபாரம் ஜனாப் காஜா மைதீன் மச்சான் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கையின் கணவனும், தங்கள் கோபத்துக்கு என்றும் அஞ்சுகிறவனுமான குடைக்கடை கியாசுதீன் அஸ்ஸலாமு அலைக்கும் சொல்லி எழுதிக்கொண்டது. தங்களுக்கும் வீட்டாருக்கும் இந்த வெயிலில் நோன்பு லேசாகப் போக துஆ செய்கிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் நோன்பு வாயோடு பொய் சொல்லக்கூடாது. நோன்புக் கையோடு பொய் எழுதலாமா என்று யாரையும் கேட்டுத் தெரிந்துகொள்ள நேரமில்லாததால் உள்ளதையே எழுதிவிடுகிறேன்.

வரும் வியாழக்கிழமை காலை பஸ்ஸில் தங்கள் தங்கை சாரா ஒரு தகரப்பெட்டியோடு லால்குடியில் வந்து இறங்கினால் தாங்கள் பதறவேண்டாம். வக்கீலைப் பார்க்க வேண்டாம். ஜமாஅத்தைக் கூட்ட வேண்டாம். நான் தலாக் சொல்லவில்லை, சொல்ல நினைத்ததும் இல்லை, அல்லாஹ்வின் மீது ஆணை. இது முழுக்க முழுக்க வருமான வரி சம்பந்தப்பட்ட விஷயம்.

சென்ற மாதம் கடைக்கு ஒரு பழுப்புக் கவர் வந்தது. இரண்டு நாள் அதைப் பிரிக்காமல் குடைத்துணிக்கு அடியில் வைத்திருந்தேன். எனக்குத் தெரிந்து நான் செய்த பெரிய குற்றம், ஜங்ஷனில் ஒருதரம் பிளாட்பாரம் டிக்கெட் வாங்காமல் உள்ளே போனதுதான். அதைக் கண்டுபிடிக்க இவர்களுக்கு ஏழு வருஷம் ஆகியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் பக்கத்துப் பாத்திரக்கடை சின்னையாதான் பிரித்துப் படித்து, "ஒண்ணும் இல்ல பாய், வருமானக் கணக்கு காட்டச் சொல்லி எழுதியிருக்காங்க" என்றார். ஒன்றும் இல்லையாம். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு நோன்பு வந்துவிட்டது, சாப்பிடாததற்கு ஒரு மரியாதையான காரணம் கிடைத்தது.

சின்னையாவே என்னைப் பாலக்கரை பாக்கியநாதனிடம் கூட்டிப்போனார். முப்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்துவிட்டு இப்போது கடைக்காரர்களுக்கு வரிக் கணக்கு எழுதித் தருகிறவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என் நோட்டுகளைப் புரட்டினார். "கடை வரவு மட்டும்னா வரம்புக்குள்ள அடங்கியிருப்பீங்க பாய். எடமலைப்பட்டி புதூர்ல ஒரு வீடு வாடகைக்கு விட்டிருக்கீங்களே, அதுதான் உங்கள மேல தூக்கிடுச்சு" என்றார். வாடகையைச் சொல்லாமல் விட்டால் என்ன என்று மெதுவாகக் கேட்டேன். "மறைக்கறது வேற, திட்டம் போடறது வேற. மறைக்கறதுக்கு என்கிட்ட வராதீங்க" என்று கண்ணாடியை இறக்கிக்கொண்டார். சின்னையாவுக்கு எப்படிக் குறைகிறது என்று கேட்டேன். அவர்களுக்குக் கூட்டுக் குடும்பம் என்று சட்டத்தில் தனிக் கணக்கு உண்டாம், நமக்கு அது கிடையாதாம். இன்ஷூரன்ஸ் எடுத்தால் கொஞ்சம் கழியும் என்றார். எடுத்த மறுமாதமே பலன் கிடைத்துவிடுமோ என்று எனக்குப் பயம், வேண்டாம் என்றேன். வீட்டை சாரா பேருக்கு எழுதிவிடட்டுமா என்றேன். "சம்சாரத்துக்கு இனாமாக் குடுத்தா வாடகை அவங்களுக்கு, வரி உங்களுக்கு. சட்டம் அவ்வளவு ஏமாந்தது இல்ல" என்றார். பிள்ளைகள் பேரில்? "சின்னப் பிள்ளைங்கன்னா அதுவும் அப்படித்தான்." எழுந்து வந்துவிடலாம் என்று செருப்பைத் தேடும்போதுதான் கூப்பிட்டார். "பாய், உங்க நிக்காவுல மகர் எவ்வளவு?"

மச்சான், ஒரு கிறிஸ்தவர் எனக்கு மகரைப் பற்றி விளக்கினார். நிக்காவில் பெண்ணுக்குத் தருவதாக மாப்பிள்ளை ஒப்புக்கொண்ட தொகையைத் தராமல் வைத்திருந்தால் அது கடன். கடனுக்கு ஈடாக வீட்டைக் கொடுத்தால் அது இனாம் ஆகாது, பாக்கியைத் தீர்த்தது ஆகும். அப்புறம் வாடகை அவளுடையது, எனக்கு வரி இல்லை. நியாயமான வழி, ஒளிவு மறைவு இல்லை, மார்ச் முப்பத்தொன்றுக்குள் பத்திரம் எழுதிவிட்டால் அடுத்த வருஷத்திலிருந்து செல்லும். ஓட்டமாகப் போய்ப் பள்ளிவாசல் கல்யாணப் பதிவு தப்தரை எடுக்கச் சொன்னேன். 1936ஆம் வருஷத்துப் பக்கத்தில் இருக்கிறது, நூற்றொரு சவரன்! தங்கள் அத்தா நாற்பது வண்டி ஜனத்தோடு வந்து இறங்கியதைப் பார்த்துவிட்டு, எங்கள் அத்தா கௌரவத்துக்காகச் சபையில் வாய்விட்ட தொகை அது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நூற்றொரு சவரனைச் சேர்ந்தாற்போல நகைக்கடைக்கு வெளியே நின்றுகூடப் பார்த்ததில்லை. அத்தாவை அன்றே கேட்டேன். "இப்ப யாரு கேக்கப்போறா, அது சபைக்குச் சொல்றது" என்றார். இருபத்து மூன்று வருஷம் கழித்து சர்க்கார் கேட்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் இன்றைய தங்க விலைக்கும் அந்த வீட்டு விலைக்கும் கிட்டத்தட்டச் சரியாக இருக்கிறது. அத்தாவின் வீம்பு முதல்தடவையாகக் குடும்பத்துக்கு உபயோகப்பட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

அந்தச் சந்தோஷம் பாலக்கரை போய்ச் சேரும்வரை இருந்தது. பாக்கியநாதன் கேட்டார், "அம்மா இதுக்கு மாப்பு எதுவும் குடுத்துடலையே? மன்னிச்சுட்டாங்கன்னா கடனே இல்ல. அப்புறம் இது இனாம்தான். ஆபீசர் சத்தியம் பண்ணச் சொல்லிக் கேப்பார்." தங்களுக்கு ஞாபகம் இருக்கும், நாற்பத்து நாலில் எனக்கு டைபாய்டு வந்ததே, டாக்டர் பையை மூடிக்கொண்டு போய்விட்டாரே. கடனோடு போகக்கூடாது என்று நம்மவர்கள் செய்கிறபடி சாராவைக் கூப்பிட்டு, மகரை மாப்பு செய்துவிடு என்று நானே கேட்டேன். அவள் அழுதுகொண்டே தலையை ஆட்டினாள். தாங்கள் கால்மாட்டில் விசிறியோடு நின்றீர்கள். நானும் கடன் தீர்ந்தது என்று கண்ணை மூடினேன், மறுநாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. அப்போது அவ்வளவு நிம்மதியாக இருந்த காரியம் இப்போது இப்படி வந்து நிற்கிறது. நோன்பு வாயோடு ஆபீசர் முன்னால் நின்று மாப்பு வாங்கவில்லை என்று நான் எப்படிச் சொல்வேன்?

சரி, சாராவையே கேட்டுவிடலாம் என்று வெள்ளிக்கிழமை நோன்பு திறந்து கஞ்சி குடிக்கும்போது நல்லபடியாகத்தான் ஆரம்பித்தேன். "சாரா, உன் மகர் பாக்கி இருக்குல்ல, அத இந்த மாசக் கடைசிக்குள்ள குடுத்துத் தீத்துடலாம்னு பாக்கறேன்." நான் செய்த தப்பு இது ஒன்றுதான் மச்சான். நம் ஜனங்களில் ஆம்பளை எப்போது மகர் பாக்கியைத் தீர்க்கிறான்? ஒன்று மவுத்தாகிக் கண்ணை மூடும்போது, இல்லை தலாக் சொல்லும்போது. அவள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சல் இல்லையே" என்றாள். இல்லை, சௌக்கியமாத்தான் இருக்கேன் என்று நான் பெருமையாக வேறு சொன்னேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் எனக்கே விளங்கியது. விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தால் கஞ்சி புரையேறிவிட்டது.

மறுநாள் காலை பாக்கியநாதன் வாசலில் வந்து நின்று, தெருவுக்கே கேட்கிற குரலில், "பாய், முத்திரைத்தாள் வாங்கியாச்சு! முப்பத்தொண்ணுக்குள்ள முடிச்சுடணும். அம்மா கையெழுத்துப் போடுவாங்களா, கைநாட்டா?" என்றார். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு செம்பு உருண்டு வந்தது. வரிக்காகத்தான் என்று நான் தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். "இருபத்து மூணு வருஷமா எனக்குப் பயப்படாம வச்சிருந்ததை, இப்ப சர்க்காருக்குப் பயந்து குடுக்கறீங்களாக்கும்" என்றாள். மத்தியானத்துக்குள் எதிர்வீட்டு ஜஹானாரா துக்கம் விசாரிக்க வந்துவிட்டார். நான் மாதாமாதம் எடமலைப்பட்டி புதூர் போகிறேனே, அங்கே யாரோ இருக்கிறாளாம். அங்கே இருப்பது பொன்மலை ஒர்க்ஷாப் பிலோமின்ராஜும், அவர் சம்சாரம் ரோசரியும், அஞ்சு பிள்ளைகளும், ஒழுகுகிற ஓடும்தான். ஓட்டை மாற்றித்தா என்று அவர்கள் கேட்கிற கேள்விக்குப் பயந்து நான் அந்த வீட்டு வாசலுக்குள்ளேயே போவதில்லை.

அன்றிலிருந்து சாரா என்னிடம் பேசுவதில்லை. சொல்லவேண்டியதைச் சுவரிடம் சொல்கிறாள். மூன்று நாளாக என் கஞ்சியில் மட்டும் உப்பு இல்லை. நேற்று பரணிலிருந்து தகரப்பெட்டியை இறக்கித் துடைத்தாள். "வியாழக்கிழமை லால்குடி பஸ்ஸு எத்தனை மணிக்கு?" என்று சுவரைக் கேட்டாள். வரி போகட்டும், வீடு போகட்டும், இத்தனை வருஷத்தில் சாரா இல்லாமல் நான் நோன்பு திறந்தது ஒருநாள்கூட இல்லை மச்சான். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கினால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகையால் தாங்கள் எனக்காக இரண்டு காரியம் செய்யவேண்டும். ஒன்று, அவள் வந்தால் நல்ல வார்த்தை சொல்லி மறு பஸ்ஸிலேயே கூட்டிவரவேண்டும். இரண்டு, அன்றைக்குக் கால்மாட்டில் நின்ற ஒரே சாட்சி தாங்கள்தான். அவள் மாப்பு என்று வாய்விட்டுச் சொன்னாளா, வெறுமனே தலையை ஆட்டினாளா என்பதை எழுத்தில் தரவேண்டும். முதலாவது முடியாவிட்டால் இரண்டாவது எனக்கு வேண்டாம்.

மச்சிக்கு என் சலாம். பிள்ளைகளுக்கு துஆ. அறுப்பு நல்லபடி முடிந்து களமும் மனமும் நிறைய அல்லாஹ் பரக்கத் செய்வானாக. எனக்காகவும் ஒருவேளை தொழுகையில் கையேந்தவும்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
கியாசுதீன்.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து வைத்துவிட்டுத் தொழப்போய் வருவதற்குள் சாரா எடுத்துவிட்டாள். அவள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஆனால் தலாக், தகரப்பெட்டி இரண்டையும் கண்டுபிடிக்க அது போதும். முதலிலிருந்து கடைசிவரை விரல் வைத்துப் படித்தாள். நான் கதவோரம் நின்றேன். படித்து முடித்துவிட்டுப் பெட்டியைத் திறந்து காட்டினாள். உள்ளே இருந்தது என் சட்டைகளும் கைலிகளும் மச்சான். அவள் கிளம்புவதாக இல்லையாம், அண்ணன் முன்னால் போய் நின்று பதில் சொல்லிவிட்டு வரட்டும் என்று என்னைத்தான் அனுப்புவதாக இருந்தாளாம்.

தாங்கள் சாட்சி எழுதவேண்டாம். "அன்னைக்கு நான் மாப்புன்னு சொல்லவே இல்லீங்க" என்றாள். தலைய ஆட்டுனியே என்றேன். "மாட்டேன்னுதான் ஆட்டுனேன். கடன் தீந்துடுச்சுன்னா நீங்க நிம்மதியாப் போயிருவீங்க. பாக்கி வச்சிருந்தாப் போக மனசு வராதுல்ல?" பதினைந்து வருஷமாக இதை என்னிடம் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். அப்படியானால் கடன் இருக்கிறது, பத்திரம் செல்லும், சத்தியமும் பண்ணலாம் என்று நான் முத்திரைத்தாளை எடுக்கப் போனேன். கையிலிருந்து பிடுங்கிப் பரணில் போட்டுவிட்டாள். "வீடும் வேணாம், ஒண்ணும் வேணாம். பாக்கி பாக்கியாவே இருக்கட்டும். வரிய கட்டிட்டு வாங்க" என்றாள்.

பாலக்கரை போய், வரி எவ்வளவு என்று பாக்கியநாதனைக் கேட்டேன். இத்தனை நாளில் அதைக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வருஷத்துக்கு இருபத்து மூன்று ரூபாய். வாங்கின முத்திரைத்தாளே அதைவிட அதிகம்.

தாங்கள் வரவேண்டாம். இன்றைக்குக் கஞ்சியில் உப்பு போடுவதாகச் சொல்லியிருக்கிறாள். இங்கே எல்லாரும் சுகம். நோன்பு வாயோடுதான் எழுதுகிறேன்.