மூஞ்சி இல்லாத ஃப்ளெக்ஸ்

"மூஞ்சி இல்லாம ஃப்ளெக்ஸா? காதுகுத்துக்குக்கூட அப்படி அடிச்சதில்ல அண்ணாச்சி" என்றார் ஃப்ளெக்ஸ் கடை ஈஸ்வரபாண்டி.

போடி பஜாரில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் ஜேசுராஜ் தவித்தார். மதுரையில் ஆராய்ச்சி செய்யும் மகள் ஜெபஷீலா மறுநாள் காலை ரயிலில் வருகிறாள். வியாபாரிகள் சங்கத்தில் அவளுக்குப் பாராட்டு விழா. அவள் கேட்டது ஒன்றுதான்: "என் போட்டோ வேணாம்ப்பா. நான் எடுத்த படம் பெருசாத் தெரியணும்."

"அப்ப உங்க மூஞ்சி?"

"ஏலே, நான் என்னத்தக் கிழிச்சேன்?"

சரியென்று சங்கத் தலைவர் சேக் பரீத்தின் முகத்தை ஓரத்தில் வைத்தார்கள். செயலாளர் பொன்னுராஜ் கோபிப்பாரே? அவரையும் வைத்தார்கள். பிறகு பொருளாளர், முன்னாள் தலைவர். அரைமணியில் பதினோரு முகங்கள். ஆராய்ச்சிப் படம் தபால்தலை அளவுக்குச் சுருங்கியது.

"அந்தப் புழுவுக மேல அழுக்குப் புள்ளியா இருந்துச்சு. அழிச்சுட்டேன்" என்றார் ஈஸ்வரபாண்டி.

ஜேசுராஜ் தலையில் கை வைத்தார்.

"அது புழு இல்லலே, குரோமோசோம். மனுச செல்லுக்குள்ள இருக்கது. நீ அழிச்ச புள்ளிதான் எம்மக வேல. நானோ படிகம்னு ஒரு பொடி. சரக்கு ஒண்ணு, பருமன் வேற. சின்னது பச்சையா மின்னும், பெருசு சிவப்பா மின்னும். ஏலக்காயச் சலிச்சு எட்டு மில்லிமீட்டர், ஏழு மில்லிமீட்டர்னு பிரிக்கமே, அந்தக் கணக்கு. குரோமோசோம்ல தனக்குச் சோடியான இடத்தத் தேடி ஒட்டிக்கிற துணுக்கு ஒண்ணு இருக்கு. அதுல இந்தப் பொடியக் கட்டி விட்டா, 'இங்கன இருக்கு'ன்னு வெளக்குப் பிடிச்சுக் காட்டும்."

ஈஸ்வரபாண்டி திரையில் அந்தப் படத்தைப் பெரிதாக்கினார். "நம்ம பாப்பாவா?"

"நம்ம பாப்பாதான்."

பதினோரு முகங்களும் போயின. புள்ளிகள் திரும்பி வந்தன.

காலையில் சங்க வாசலில் ஏழடி உயரத்தில், கறுப்புப் பின்னணியில் பச்சையும் சிவப்புமாக மின்னியது படம். ரயிலடியிலிருந்து வந்த ஜெபஷீலா கிட்டே போய்ப் புள்ளிகளைத் தொட்டுப் பார்த்தாள். சங்கத்தாரோ முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

"எங்க மூஞ்சியெல்லாம் அவ்வளவு மோசமா ஜேசுராஜ்?" என்றார் சேக் பரீத்.

"எம்மூஞ்சியும்தான் இல்ல பாய்" என்று நெஞ்சை நிமிர்த்தினார் ஜேசுராஜ். "இது ஒரு மனுசன் ரத்தத்துல எடுத்த படம். எந்தப் புண்ணியவானோ."

மாலைகளைப் பிரித்துக்கொண்டிருந்த மனைவி கிருபாவதி நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"கிறிஸ்துமஸுக்கு அவ நீட்டுன தாள வாசிக்காமலே கையெழுத்துப் போட்டு, சுகர் டெஸ்ட்டுன்னு நெனச்சு ரத்தம் குடுத்தது நீங்கதான? ஏழடிக்கு இங்கன நீங்க மட்டுந்தான் நிக்கிறீக."