மிசின் அண்ணாச்சியின் முடியாத இயந்திரம்

மனிதர் எவரும் இனிச் சுமை தூக்கப்போவதில்லை என்னும் செய்தியை உலகிலேயே முதன்முதலில் அறிந்தவர் எங்கள் மிசின் அண்ணாச்சி. ஐம்பதுகளில், மூணாற்றுக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் நான் பள்ளியாசிரியனாக இருந்தேன். அவர் அங்கே தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர். மாலைதோறும் கொழுந்தை நசுக்கும் உருளைகளுக்கு எண்ணெயிட்டு எண்ணெயிட்டு, உழைப்பது இயந்திரத்தின் கடமை, பார்த்துக்கொண்டிருப்பது மனிதனின் கடமை என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார்.

கொள்கையில் உறுதியானவர். அடைமழையிலும் குடை பிடிக்கமாட்டார், அதுவும் சுமையாம்.

ஒருமுறை ஓடைநீரில் சுழலும் சக்கரம் செய்து அதில் ஆட்டுக்கல்லைப் பூட்டினார். மாவு நன்றாகவே அரைபட்டது. கல்லை ஓடைக்குக் கொண்டுபோக மட்டும் நால்வர் தேவைப்பட்டனர்.

“மாவாட்ட நான் ஒருத்தி போதும். உங்க மிசினுக்கு நாலு ஆம்பள வேணும், அவங்களுக்குக் காப்பி வேற போடணும்,” என்றார், கொழுந்தெடுக்கும் அவர் மனைவி.

“இன்னும் பத்து வருசத்துல மனுசன் கையி சோறு திங்க மட்டுந்தான், பாத்துக்க.”

“அதுக்கும் ஒண்ணு பண்ணிருங்க. மெல்லுத சோலியும் மிச்சம்.”

அந்த ஆண்டு அந்த அம்மையாருக்குக் கழுத்து வலி முற்றியது. முதுகில் தொங்கும் கொழுந்துக் கூடையின் கயிற்றை நெற்றியில் மாட்டக்கூடாது என்றார் மருத்துவர்; சுமக்காதவருக்கு வேலையில்லை என்றது தோட்டம். அண்ணாச்சி சிரிப்பதை நிறுத்தினார். மலையுச்சியிலிருந்து பள்ளத்தைக் கடந்து, கொழுந்தை எடைபோடும் நிறுவைக் கொட்டகை வரை, மூட்டைகள் தொங்கியபடி சறுக்கி வரக் கம்பி கட்டினார். சோதனை மூட்டை பறவையெனப் பறந்து வந்தது.

மறுநாள் அம்மையார் காலையெல்லாம் எடுத்த கொழுந்து பாதிவழி வந்து, பள்ளத்துக்கு நேர்மேலே மூடுபனிக்குள் நின்றுவிட்டது. தொழிற்சாலைக்காரரான அண்ணாச்சி சோதித்தது தொழிற்சாலைப் பரணில் உலர்ந்து வாடி எடை குறைந்த கொழுந்தை. பனியில் நனைந்த பச்சைக் கொழுந்தின் பாரத்தை அவர் தொட்டறிந்ததே இல்லை.

“மூட்டை எவிடே அண்ணாச்சி?” என்றார் தராசருகே நின்ற கண்டக்டர், அதாவது தோட்ட மேற்பார்வையாளர்.

“வந்துக்கிட்டிருக்கு சார்.”

“எப்போ வரும்?”

“அது பனி விலகினாத்தான் தெரியும்.”

பனி விலகுமுன் கம்பி அறுந்தது. கொழுந்தெல்லாம் பள்ளத்தில் கொட்டிற்று. அம்மையார் கூடைக் கயிற்றை எடுத்து மீண்டும் நெற்றியில் மாட்டினார். அண்ணாச்சி அதைக் கழற்றித் தம் நெற்றியில் மாட்டிக்கொண்டார்.

அன்றுமுதல் நாள்தோறும், மாலையில் தொழிற்சாலைக்குப் போகுமுன், பகலில் அம்மையார் எடுக்க, அண்ணாச்சி சுமந்தார். கண்டக்டர் வேறுபக்கம் பார்த்துக்கொண்டார்.

“மனுசன் சுமக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே?” என்று ஒருநாள் கேட்டேன்.

“மிசினு முடியுத வரைக்குந்தான் சார். கம்பி மட்டும் கொஞ்சம் தோதா கெடைக்கணும்.”

கம்பிக்குக் குறைவில்லை. அறுந்த துண்டு அவர் வீட்டு முற்றத்திலேயே கட்டியிருந்தது. அம்மையார் அதில்தான் துணி உலர்த்தினார். அதை அவிழ்த்துத் தரும்படி அண்ணாச்சி ஒருநாளும் கேட்டதில்லை.